கைத்தொலைபேசிச் சந்தையில் யார் யாருடன் போட்டியிடுகிறார்கள்? யாழ்ப்பாணத்துப் பாவனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை வேளைகளில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு வரும் மாணவர்களும், அவர்களை அழைத்துச் செல்ல வாசலில் காத்திருக்கும் பெற்றோரும், பாடத்தைவிடக் கூடுதலாகக் கைத்தொலைபேசிகளைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். எந்த நிறுவனம் முன்னிலையில் நிற்கிறது, ஐபோன் நல்லதா அன்ட்ரொயிட் நல்லதா, நொக்கியாவுக்கு என்ன நடந்தது என்பவை ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் வரும் கேள்விகள். அவற்றுக்கு வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களைச் சற்று நிதானமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

செய்திகளில் வரும் "சந்தைப் பங்கு" என்பது எதைக் குறிக்கிறது?

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கணக்குகள் வழங்குகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது, ஓர் ஆண்டில் எந்த நிறுவனம் எத்தனை கைத்தொலைபேசிகளை விற்பனைக்கு அனுப்பியது என்ற கணக்கு. ஐடிசி போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெளியிடுவது இதைத்தான். 2023 ஆம் ஆண்டில் அப்பிள் 234.6 மில்லியன் கைத்தொலைபேசிகளையும் சாம்சங் 226.6 மில்லியன் கைத்தொலைபேசிகளையும் அனுப்பியதாக ஐடிசி கணக்கிட்டது. 2010 இற்குப் பிறகு சாம்சங் அல்லாத ஒரு நிறுவனம் ஆண்டுக் கணக்கில் முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான். உலகம் முழுவதும் அந்த ஆண்டு அனுப்பப்பட்டவை ஏறத்தாழ 1.17 பில்லியன்.

இரண்டாவது, இன்று மக்கள் கைகளில் இயங்கிக்கொண்டிருக்கும் கைத்தொலைபேசிகளில் எந்த இயங்குதளம், அதாவது கைத்தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள், எவ்வளவு என்ற கணக்கு. இதில் உலக அளவில் பத்தில் ஏழு அளவுக்கு அன்ட்ரொயிட்டும், எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதும் அப்பிளின் ஐஓஎஸ்ஸும் இருக்கின்றன. மூன்றாவது இலாபக் கணக்கு. உலகில் விற்கப்படும் ஐந்து கைத்தொலைபேசிகளில் ஒன்று மட்டுமே அப்பிளுடையதாக இருந்தாலும், இந்தத் தொழிலில் கிடைக்கும் இலாபத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நிறுவனத்துக்கே செல்கிறது.

ஆகவே "சாம்சங் தோற்றுவிட்டது" என்றோ "அப்பிளைவிட அன்ட்ரொயிட் பெரியது" என்றோ யாராவது சொன்னால், எந்தக் கணக்கின்படி என்று முதலில் கேட்க வேண்டும். சாம்சங் ஒரு நிறுவனம், அன்ட்ரொயிட் ஓர் இயங்குதளம், அப்பிள் இரண்டுமாக இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

கடையில் இத்தனை பெயர்கள் இருக்கும்போது இயங்குதளங்கள் மட்டும் ஏன் இரண்டே இரண்டு?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுவென்று நினைக்கிறேன். கஸ்தூரியார் வீதியிலுள்ள ஒரு கடைக்குள் நுழைந்தால் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவற்றை இயக்கிப் பார்த்தாலோ உள்ளே இருப்பது ஒன்றில் அன்ட்ரொயிட், இல்லையேல் ஐஓஎஸ். செய்பவர்களிடையே கடும் போட்டி இருக்கிறது. இயங்குதளங்களிடையே இருந்த போட்டி பெரும்பாலும் முடிந்துவிட்டது.

காரணம் செயலிகளில் இருக்கிறது. ஒரு செயலியை எழுதுபவர், பாவனையாளர் அதிகமாக உள்ள இயங்குதளத்துக்கே முதலில் எழுதுவார். பாவனையாளரோ தமக்கு வேண்டிய செயலிகள் உள்ள கைத்தொலைபேசியையே வாங்குவார். இரு தரப்பும் ஒன்றையொன்று இழுப்பதால், முன்னே சென்ற இயங்குதளம் மேலும் முன்னே செல்கிறது. பின்தங்கியதோ எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும் மேலும் பின்தங்குகிறது. சந்தை கூடாத இடத்துக்கு வியாபாரி வரமாட்டார், வியாபாரி வராத இடத்தில் சந்தை கூடாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மைக்ரோசொப்டின் விண்டோஸ் போன். 2010 இல் வெளிவந்த அந்த இயங்குதளம் குறைவான நினைவகத்திலும் தடங்கலின்றி ஓடியது. அந்த இயங்குதளத்தோடு 2013 இல் வந்த நொக்கியா லூமியா 1020 கைத்தொலைபேசியின் கமரா 41 மெகாபிக்சல் கொண்டது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய அளவு. ஆயினும் கூகுள் அதற்கென ஒரு முழுமையான யூரியூப் செயலியை எழுதவில்லை. மைக்ரோசொப்ட் தானே எழுதி வெளியிட்ட யூரியூப் செயலியையும் கூகுள் 2013 இல் முடக்கியது. இன்ஸ்ரகிராம் தாமதமாக வந்தது, ஸ்னப்சற் வரவேயில்லை. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்று, கையில் பணமும் ஆட்களும் இருந்தும், பெரும்பாலும் செயலிகள் வந்து சேராத காரணத்தால் பெரிதும் பின்வாங்க நேர்ந்தது. பணம் கொடுத்து ஒரு கைத்தொலைபேசி நிறுவனத்தை வாங்க முடிகிறது, ஆனால் எழுதுவோரின் ஊக்கத்தை அவ்வாறு வாங்க முடியவில்லை.

நொக்கியா எப்படி வீழ்ந்தது?

எங்கள் தலைமுறைக்கு இது வருத்தத்தோடு கேட்கும் கேள்வி. 2003 இல் வெளிவந்த நொக்கியா 1100 உலகெங்கும் 250 மில்லியனுக்கு மேல் விற்றது. அதன் தலையிலிருந்த சிறு விளக்கு, மின்சாரம் இல்லாத இரவுகளில் எத்தனையோ வீடுகளில் அரிக்கன் லாம்புக்குத் துணையாக இருந்தது. முதலாவது ஐபோன் 2007 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி அந்த ஆண்டில் போரினால் மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வருவதே பெரும்பாடாக இருந்தபோது, உலகம் தொடுதிரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்பதை நாங்கள் பத்திரிகையில் வாசித்து மட்டுமே அறிந்தோம். 2009 இன் பின்னர் பாதை திறந்தபோது இங்கு வந்து குவிந்தவை நொக்கியாக்களும், இரண்டு சிம் அட்டைகளும் பெரிய ஒலிபெருக்கியும் கொண்ட பெயர் தெரியாத சீனக் கைத்தொலைபேசிகளுந்தான். நொக்கியா அப்போதே உள்ளுக்குள் தளர்ந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

நொக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் பொத்தான்களுக்காக அமைக்கப்பட்டது. அதைத் தொடுதிரைக்கு ஏற்ப மாற்றுவது பழைய வீட்டின் அத்திவாரத்தை மாற்றாமல் மேலே மாடி கட்டுவதைப் போன்ற வேலையாக இருந்தது. 2011 பெப்ரவரியில் அதன் தலைமை நிர்வாகி ஸ்டீபன் இலோப், எரியும் எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்பவருக்குத் தம் நிறுவனத்தை ஒப்பிட்டு ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதே மாதத்தில் சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக நொக்கியா அறிவித்தது. புதியது வருவதற்கு முன்பே பழையதைச் செத்ததாக அறிவித்ததனால் இடைப்பட்ட மாதங்களில் விற்பனை சரிந்தது. 2014 ஏப்ரலில் கைத்தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொப்டுக்குக் கைமாறியது. 2015 இல் மைக்ரோசொப்ட் அந்தக் கொள்வனவு தொடர்பாக 7.6 பில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுதியது.

அன்ட்ரொயிட்டைத் தேர்ந்திருந்தால் நொக்கியா பிழைத்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அன்ட்ரொயிட்டை முதலிலேயே தழுவிய எச்ரிசி பின்னர் தன் பொறியியலாளர்களில் ஒரு பகுதியினரை 2017 இல் 1.1 பில்லியன் டொலருக்குக் கூகுளிடம் ஒப்படைக்க நேர்ந்தது. எல்ஜி 2021 இல் கைத்தொலைபேசித் தொழிலையே விட்டது. எல்லோரிடமும் ஒரே இயங்குதளம் இருக்கும்போது போட்டி விலையில் மட்டுமே நடக்கிறது, விலைப் போட்டியில் நீண்ட காலம் நிற்பதற்குச் சொந்தப் பாகங்களோ மிகப் பெரும் அளவோ வேண்டும். சாம்சங்குக்குத் திரையும் நினைவகமும் சொந்தத் தொழிற்சாலைகளில் கிடைத்தன. நொக்கியாவுக்கு அது இருக்கவில்லை.

இன்று கடைகளில் காணும் நொக்கியாக்கள், 2016 இல் அப்பெயரைப் பாவிக்கும் உரிமையைப் பெற்ற எச்எம்டி என்ற பின்லாந்து நிறுவனத்தின் தயாரிப்புகள்.

அன்ட்ரொயிட்டை இலவசமாகக் கொடுத்தால் கூகுளுக்கு என்ன வருமானம்?

அன்ட்ரொயிட்டின் அடிப்படை மூலநிரல் எவருக்கும் இலவசம் என்பது உண்மை. ஆனால் பிளே ஸ்ரோர், வரைபடம், யூரியூப் முதலியன அதனோடு வருவதில்லை. அவற்றைப் பெற விரும்பும் நிறுவனம் கூகுளுடன் உடன்படிக்கை செய்ய வேண்டும். தேடுபொறியும் உலாவியும் முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2018 ஜூலையில் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. மேன்முறையீட்டில் 2022 இல் அது 4.125 பில்லியனாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவின் போட்டி ஆணைக்குழுவும் 2022 ஒக்ரோபரில் 1,337.76 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது.

கூகுளின் வருமானம் தேடலோடு வரும் விளம்பரங்களில் இருக்கிறது. எந்தக் கைத்தொலைபேசியில் தேடினாலும் அந்தத் தேடல் தன்னிடம் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காகவே போட்டியாளரான அப்பிளுக்கும் அது பணம் கொடுக்கிறது. ஐபோனின் சபாரி உலாவியில் கூகுளை முதல் தேடுபொறியாக வைத்திருப்பதற்கு 2022 ஆம் ஆண்டில் மட்டும் 20 பில்லியன் டொலர் கொடுக்கப்பட்டது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றின் ஆவணங்களில் வெளிவந்தது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அந்த நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. மேடையில் எதிரிகளாக நிற்கும் இருவருக்கிடையே இத்தனை பெரிய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்பதை அறியும்போது, "அன்ட்ரொயிட்டா ஐபோனா" என்று நண்பர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்க எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஓப்போ, விவோ, ரியல்மி, ரெட்மி, ரெக்னோ எல்லாம் தனித்தனி நிறுவனங்களா?

முழுவதும் அப்படி அல்ல. ஓப்போ, விவோ, ரியல்மி, வன்பிளஸ் ஆகிய நான்கும் பிபிகே என்ற ஒரே சீனக் குடும்பத்தின் வேரிலிருந்து கிளைத்தவை. ரெட்மியும் போக்கோவும் 2010 இல் லெய் ஜூன் முதலானோர் தொடங்கிய சியோமியினுடையவை. ரெக்னோ, இன்பினிக்ஸ், ஐரெல் மூன்றும் ட்ரான்ஷன் என்ற நிறுவனத்தின் பெயர்கள். ஆபிரிக்க நாடுகளில் குறைந்த விலையில் விற்று வளர்ந்த நிறுவனம் அது. கருமையான தோலுடையவர்களின் முகம் படத்தில் தெளிவாகத் தெரியும்படி கமராவைச் சீர்செய்ததும், பல சிம் அட்டைகளுக்கு இடம் வைத்ததும் அதற்குத் துணைபுரிந்தன. எங்கள் ஊர்ப் பாவனையாளருக்கும் ஆபிரிக்கப் பாவனையாளருக்கும் தேவைகள் பெரிதும் ஒத்திருப்பதால், அந்தப் பெயர்கள் இங்கே இடம்பிடித்ததில் வியப்பில்லை.

ஹுவாவியில் ஏன் கூகுள் இல்லாமற் போனது?

2019 மேயில் அமெரிக்க அரசு ஹுவாவியை வர்த்தகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க நிறுவனங்கள் அனுமதியின்றி அதற்குத் தொழில்நுட்பம் வழங்க முடியாமற் போனதால், அதன் பின் வந்த ஹுவாவிக் கைத்தொலைபேசிகளுக்குக் கூகுளின் சேவைகள் கிடைக்கவில்லை. அதற்கு முன் வெளிவந்தவற்றில் அவை தொடர்ந்து இயங்கின. ஒரே நிறுவனத்தின் இரண்டு கைத்தொலைபேசிகளில் ஒன்றில் பிளே ஸ்ரோர் இருக்க மற்றதில் இல்லாதிருப்பதற்கு இதுவே காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2020 இன் இரண்டாம் காலாண்டில் ஹுவாவி சாம்சங்கையும் முந்தி உலகில் முதலிடத்தில் இருந்ததாகக் கனலிஸ் நிறுவனம் கணக்கிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தன் ஹொனர் பிரிவை விற்கவும் நேர்ந்தது. முதலிடம் என்பது எவ்வளவு விரைவில் கைநழுவக்கூடியது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் அண்மைக்காலத்தில் இல்லை. ஹுவாவி பின்னர் சீனாவில் மீண்டெழுந்தது. 2024 ஒக்ரோபரில் அது வெளியிட்ட ஹார்மனி நெக்ஸ்ட் இயங்குதளத்தில் அன்ட்ரொயிட்டின் நிரல் இல்லை, அன்ட்ரொயிட் செயலிகளும் அதில் நேரடியாக இயங்கா.

அப்படியானால் மூன்றாவது இயங்குதளம் ஒன்று வந்துவிட்டது எனலாமா?

சீனாவுக்குள் அவ்வாறு சொல்லலாம். அங்கு கூகுளின் சேவைகள் முன்னரே இல்லாததால், அவற்றின் இழப்பைப் பாவனையாளர் உணர்வதில்லை. வெளியே நிலைமை வேறு. மொசில்லாவின் பயர்பொக்ஸ் இயங்குதளம், சாம்சங்கின் ரைசன், எச்பி நிறுவனம் 2010 இல் 1.2 பில்லியன் டொலருக்கு வாங்கி அடுத்த ஆண்டே கைவிட்ட பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் என்று முயன்றவை பல. வெப்ஓஎஸ் இன்று எல்ஜி தொலைக்காட்சிகளில் வாழ்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏன் இவ்வளவு பேர்?

இங்கு விற்கும் விலையையும் இங்குள்ள சம்பளத்தையும் மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணனோ மாமியோ புதியதொன்றை வாங்கும்போது, பழையது ஊருக்கு வருகிறது. கோவில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வருபவர்களின் பெட்டிகளில் சொக்கிளேற்றுக்கு அருகில் ஒரு கைத்தொலைபேசியும் இருக்கும். எனவே விற்பனைக் கணக்குகள் எவற்றிலும் இடம்பெறாத ஒரு சந்தை எங்களிடம் இருக்கிறது. அந்த ஐபோன் கனடாவில் விற்றதாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், ஆனால் அதன் வாழ்நாளின் இரண்டாம் பாதி கொக்குவிலில் கழிகிறது. ஐபோன்கள் நீண்ட காலம் மென்பொருட் புதுப்பிப்புப் பெறுவது இந்தக் கைமாறலுக்கு வசதியாக இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எனக்கு உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பிய கைத்தொலைபேசி, அங்குள்ள தொலைபேசிச் சேவை நிறுவனமொன்றுக்குப் பூட்டப்பட்டதாக இருந்தது. இங்குள்ள எந்த சிம் அட்டையையும் அது ஏற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றை உறவினர் தேடி எடுத்து, அந்த நிறுவனத்துடன் பல முறை பேசிய பின்னரே மூன்று மாதம் கழித்துப் பூட்டு நீங்கியது. அனுப்புபவர்களிடம், அனுப்பும் முன்பே பூட்டை நீக்கும்படியும் தங்கள் கணக்கிலிருந்து வெளியேறும்படியும் சொல்லிவிடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்து அனுப்பிய ஐபோன், கடவுச்சொல் கிடைக்கும் வரையில் கண்ணாடித் துண்டுக்குச் சமம்.

விலை ஏன் இப்படி ஏறியது?

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குச் சென்றது. கைத்தொலைபேசி முழுவதும் டொலரில் வாங்கப்படும் பொருள் என்பதால், உலகச் சந்தையில் விலை மாறாதபோதும் இங்கே ஏறக்குறைய இரட்டிப்பானது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதமாக உயர்ந்து கைத்தொலைபேசிகளுக்கும் பொருந்தியது. புதியதை வாங்க முடியாதவர்கள் பழையதைத் திருத்திப் பாவிக்கத் தொடங்கினார்கள். திருத்துநர்களின் மேசைகளில் கூட்டம் அதிகரித்தது அப்போதுதான்.

இந்தப் போட்டியால் தமிழுக்கு ஏதேனும் நன்மை கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் தாமதமாக. கணினிகளில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) 1991 இலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதும், தொடக்ககாலக் கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. அல்லது கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகச் சிதறின. அக்காலத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற முயற்சிகளே கைத்தொலைபேசியில் தமிழில் எழுத வழிசெய்தன. அப்பிள் தன் ஐஓஎஸ் 7 இல், 2013 ஆம் ஆண்டில், தமிழ் விசைப்பலகையை உள்ளிணைத்தது. அன்ட்ரொயிட் 5.0 பதிப்பில், 2014 இல், தமிழும் சிங்களமும் ஒரே நேரத்தில் இயங்குதளத்தின் மொழிகளாகச் சேர்ந்தன. நாட்டின் இரு மொழிகளும் ஒரு பட்டியலில் அருகருகே வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்த செய்தி.

இதைத் தருமமாகக் கருத வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அனைவரிடமும் கைத்தொலைபேசி சேர்ந்த பின்னர், அடுத்த பாவனையாளரைத் தேடும் நிறுவனங்களுக்கு எங்கள் மொழிகள் தேவைப்பட்டன. போட்டி சூடாக இருந்த ஆண்டுகளில் மொழிகள் விரைவாகச் சேர்ந்தன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆயினும் என் வகுப்பில் தமிழ் இடைமுகத்தை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. மொழிபெயர்ப்பிலுள்ள சொற்கள் எங்கள் வழக்கில் இல்லாதிருப்பதும், "அமைப்புகள்" எங்கே இருக்கிறது என்று உதவி கேட்டால் உதவுபவருக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே தெரிந்திருப்பதும் காரணங்கள். என் அம்மம்மாவுக்கு நான் தமிழ் இடைமுகத்தையே வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் சிரமப்பட்டார், பின்னர் எவரையும் கேட்காமல் தாமே எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டார்.

இங்குள்ள மாணவர் ஒருவர் செயலி எழுதினால் எந்தப் பக்கம் செல்ல வேண்டும்?

பெரும்பாலோர் அன்ட்ரொயிட்டில் தொடங்குகிறார்கள், அதற்குச் செலவே முதற்காரணம். பிளே ஸ்ரோரில் பதிவு செய்ய ஒரு முறை 25 டொலர் போதும். அப்பிளில் ஆண்டுதோறும் 99 டொலர் கட்ட வேண்டும், அத்துடன் மக் கணினியும் தேவை. விற்பனையில் இரு தரப்பும் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துவந்தன. சிறிய உருவாக்குநர்களுக்கு 2021 முதல் அது 15 சதவீதமாகியது. அப்பிளுக்கு எதிராகவும் கூகுளுக்கு எதிராகவும் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 2020 ஓகஸ்டில் வழக்குத் தொடுத்ததிலிருந்து இந்தக் கட்டணம் உலகெங்கும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

ஐரோப்பாவின் சட்டங்கள் எங்களுக்குப் பயன்படுமா?

சில பயன்படும், சில பயன்படா. எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் யூஎஸ்பி சி வகைச் செருகுவாய் வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2024 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அப்பிள் அதற்கு முன்பே, 2023 செப்டெம்பரில் வந்த ஐபோன் 15 முதல், உலகம் முழுவதற்கும் மாறிக்கொண்டது. ஒரு வன்பொருளை ஒரு கண்டத்துக்கென்று தனியாகச் செய்வது செலவு என்பதால் அந்தச் சட்டத்தின் பயன் எங்கள் வீட்டுச் சார்ஜர் வரை வந்தது. மென்பொருளை நாட்டுக்கு நாடு பிரித்து வைக்கலாம். ஆகவே ஐஓஎஸ்ஸில் வேறு செயலிக் கடைகளை அனுமதிக்கும் 2024 ஆம் ஆண்டின் மாற்றம் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள எங்களுக்குக் கிட்டவில்லை.

ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றதற்கு மாறுவது கடினமா?

அமெரிக்காவில் இருப்பதைவிட இங்கே எளிது. அங்கு ஐபோன் பாவனையாளர்கள் அப்பிளின் ஐமெசேஜ் வழியாகவே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதால், வெளியேறினால் நண்பர் குழுவிலிருந்தே விலகியதுபோல் ஆகிறது. எங்களிடம் எல்லோரும் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் இருக்கிறார்கள். அவை இரு பக்கமும் ஒரே மாதிரி இயங்குகின்றன. பழைய உரையாடல்களையும் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வந்த வசதிகளால் ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்ல முடிகிறது. பணம் கொடுத்து வாங்கிய செயலிகளை மட்டும் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு விதத்தில் பார்த்தால், எங்கள் ஊரில் எவராலும் விட்டு விலக முடியாதது அன்ட்ரொயிட்டோ ஐபோனோ அல்ல, 2014 இல் பேஸ்புக் 19 பில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டு வாங்கிய வட்ஸ்அப்தான். சந்தைப் பங்கு பற்றிய பேச்சில் இது போதிய அளவு இடம்பெறுவதில்லை.

கடைசியாக, நான் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கமராவின் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். கூகுள் 2023 ஒக்ரோபரில் பிக்சல் 8 உடனும், சாம்சங் 2024 ஜனவரியில் கலக்சி எஸ்24 உடனும் ஏழு ஆண்டுகள் என்று வாக்குறுதி அளித்தன. சாம்சங்கின் விலை குறைந்த ஏ16 இற்கு ஆறு ஆண்டுகள். 2015 இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், 2021 இல் வந்த ஐஓஎஸ் 15 வரை பெற்றது. மலிவான பல அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி இரண்டு ஆண்டில் மாற்றுவதையும், அறுபதாயிரத்துக்கு வாங்கி ஆறு ஆண்டு வைத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது மலிவு என்பது தெரியும். வங்கிச் செயலியைக் கைத்தொலைபேசியில் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

பாவித்ததை வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் *#06# என்று அழுத்தி வரும், அந்தக் கைத்தொலைபேசிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணைப் பெட்டியிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். பின்னர் ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்ற பதில் வரும். விற்பவரை அருகில் வைத்துக்கொண்டே கைத்தொலைபேசியை முழுவதும் அழித்து, மீண்டும் தொடக்கி, பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பின்னர் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.